காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்: மார்சேய் செல்வோருக்கான கேள்வி – பதில்

லூர்து, ரோம் என்று திருயாத்திரை புறப்படுகிறவர்கள் வழியில் தென் பிரான்சின் துறைமுக நகரமான மார்சேயையும் பார்த்துவிட்டு வர விரும்புகிறார்கள். கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்ட குடும்பங்களும் நம் மாவட்டக் கடற்கரையில் உண்டு. பழைய தமிழ்ப் புத்தகங்களில் ‘மார்செல்ஸ்’ என்று வருவது இந்த ஊர்தான். இந்த இதழில் மார்சேய் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி: எங்கள் பங்கிலிருந்து 22 பேர் லூர்துக்குப் போகிறோம். திரும்பும்போது மார்சேயில் ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் தங்கத் திட்டம். எதை முதலில் பார்ப்பது, எதை விடுவது? – வாசகி, குளச்சல்

முதல் வேலையாக அந்தத் திங்கட்கிழமையை மாற்றப் பாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை என்பது தெரியாமல் தக்கலையில் இறங்கித் திரும்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மார்சேயிலும் அதே கதைதான். நகராட்சி அருங்காட்சியகங்கள் திங்களன்று திறக்காது. கடற்கரையோரம் 2013-ல் திறந்த மியூசெம் என்ற பெரிய அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. இஃப் தீவுக் கோட்டையும் குளிர்காலப் பருவத்தில் திங்கள் மூடியிருக்கும். சனி, ஞாயிறு என்று ஒரு நாள் முன்னுக்கு இழுத்தால் எல்லாம் கைகூடும்.

அடுத்தது காற்று. மார்சேயில் எந்த நாள் எதைப் பார்ப்பது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. மிஸ்த்ரால் என்ற வடமேற்குக் காற்று, ஆல்ப்ஸ் மலைக்கும் நடு பிரான்சின் மேட்டு நிலத்துக்கும் இடையே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஒடுங்கி வேகமெடுப்பது போலத்தான். ஆனால் இது குளிர்ந்த, வறண்ட காற்று. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடுவதும் உண்டு. வானம் கண்ணாடி போலத் தெளிந்து வெயில் அடிக்கும். அதைப் பார்த்து மெல்லிய சட்டையோடு இறங்கினால் பத்து நிமிடத்தில் நடுக்கம் பிடிக்கும். கோடையில் அடித்தாலும் கரையோர மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடும். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறுவதால் ஆகஸ்டிலும் கடலில் கால் வைக்க முடியாமல் போகலாம்.

பிரான்ஸ் வானிலைத் துறையின் முன்னறிவிப்பை முந்தின நாள் மாலையே பாருங்கள். காற்று இல்லாத நாள் கிடைத்தால் அன்று காலையில் கடல்: முதல் படகில் இஃப் கோட்டை, திரும்பி வந்து துறைமுகத்தின் இருபுறமும் நடை. காற்று வீசும் நாளுக்குச் சந்துகளும் கட்டடங்களும்: பனியே என்ற பழைய குடியிருப்பு, அதன் நடுவில் 1671-ல் தொடங்கிக் கட்டிய பழைய ஏழையர் இல்லம், நகர வரலாற்று அருங்காட்சியகம், சேன் விக்தோர் மடத்தின் நிலவறை. நகராட்சி அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை.

ஊரின் அமைப்பு எளிது. பழைய துறைமுகம் தமிழ் எழுத்து ‘ப’வைப் படுக்கப் போட்டது போல, மேற்கே கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கிழக்கு மூலையில் கானெபியேர் என்ற பெரிய சாலை தொடங்கும். வடகரையில் நகர மன்றமும் பனியேயும். தென்கரைக்கு மேலே குன்றில் மாதா கோவில். கி.மு. 600 வாக்கில் இன்றைய துருக்கிக் கரையிலிருந்து வந்த கிரேக்கர்கள் இந்த ஒதுக்கிடத்தைப் பார்த்துத்தான் குடியேறினார்கள். அவர்களுடைய துறைமுகச் சுவரின் எச்சங்கள் 1967-ல் கட்டட வேலைக்காகத் தோண்டும்போது வெளிப்பட்டன. வரலாற்று அருங்காட்சியகத்தை ஒட்டிய தோட்டத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

வடகரையின் நீர்முனைக் கட்டடங்கள் மட்டும் ஏன் ஒரே அச்சில் புதிதாக இருக்கின்றன என்று குழுவில் யாராவது கேட்பார்கள். 1943 ஜனவரி, பிப்ரவரியில் ஜெர்மன் படையும் பிரெஞ்சுப் போலீசும் அந்தப் பகுதியிலிருந்து சுமார் 20,000 பேரை வெளியேற்றின. பிறகு ஏறத்தாழ 1,500 கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இப்போது நிற்பவை போருக்குப் பின் எழுந்தவை. அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு கடப்பது நல்லது.

கேள்வி: இஃப் கோட்டைக்குப் படகுச் சீட்டு இங்கிருந்தே எடுத்துவிடலாமா? – வாசகர், கன்னியாகுமரி

எடுக்கலாம். ஆனால் நாளை மாற்ற முடிகிற சீட்டாக இருக்கட்டும். கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்படுவது உங்கள் ஊரில் வாடிக்கை. அங்கேயும் அதுதான். இஃப் தீவின் இறங்குதுறை சிறியது, அலைக்குத் திறந்தது. அலை கூடினால் படகு அங்கே ஒட்டாமல் நேரே பக்கத்துத் தீவான ஃப்ரியூலுக்குப் போய்விடும். பழைய துறைமுகத்தின் கிழக்கு மூலையிலிருந்து பயணம் சுமார் 20 நிமிடம். படகுச் சீட்டு வேறு, கோட்டை நுழைவுச்சீட்டு வேறு என்பதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். முன்வரிசையில் நிற்பவர் ஒன்றை மட்டும் வாங்கி வந்து, தீவில் இறங்கிய பிறகு தடுமாறுவது அடிக்கடி நடப்பது.

இஃப் 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டை. பிறகு சிறையானது. ஃப்ரியூல் தீவுகள் நோய்த்தடுப்புக்காகக் கப்பல்களை நிறுத்தி வைத்த இடம். 1720 மே மாதம் கிழக்கு மத்தியதரைக் கடலிலிருந்து துணிமணிகளோடு வந்த கிரான்-சேன்-அந்துவான் என்ற கப்பலின் சரக்கை, தடுப்புக் காலம் முடியும் முன்பே இறக்க இடங்கொடுத்தார்கள். அதிலிருந்து பரவிய கொள்ளைநோயில் நகர மக்களில் பாதிப் பேர் வரை மாண்டார்கள். இஃபுக்குப் படகு இல்லையென்று சொன்னால் மனம் சோர வேண்டாம். ஃப்ரியூலில் இறங்கி இரண்டு மணி நேரம் நடந்து வருவதும் நல்ல பயணம்தான்.

படகே இல்லாத நாளில் சேன் ழான் கோட்டைக்குப் போங்கள். உள்ளே சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. அங்கிருந்து மியூசெமின் கூரைக்கு, கடல்நீருக்கு மேலாக 115 மீட்டர் நீள நடைபாலம் இருக்கிறது. திருவள்ளுவர் சிலைக்குப் போகும் நம்முடைய 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தவர்களுக்கு அது பயமாக இருக்காது. கடுங்காற்றில் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். அடுத்த மாதம் ‘மார்சேய்’ துறைமுகம் என்கிறான். நாங்கள் அப்போது பிரான்சில் இருப்போம். ஊருக்குள் வைத்து அவனைச் சந்திக்க முடியுமா? மாதா கோவிலுக்குக் கூட்டிப் போக ஆசை. – வாசகி, முட்டம்

அம்மா, ஒரு விஷயத்தை மகனிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்: கப்பல் வந்து நிற்கப்போகும் இடம் மார்சேயா, ஃபோஸா? துறைமுக நிர்வாகத்தின் பெயர் மார்சேய்-ஃபோஸ் என்பதால் கப்பல்காரர்கள் இரண்டையும் மார்சேய் என்றே சொல்வார்கள். பெரிய கன்டெய்னர் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் போவது ஃபோஸ்-சுர்-மேர் என்ற இடத்துக்கு. அது நகரத்திலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர். குளச்சலில் நிற்கிறேன் என்று சொல்லிக் கன்னியாகுமரியில் நிற்பது போல.

இரண்டாவது, கரை இறங்கும் அனுமதி. ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விதிப்படி கப்பல் பணியாளர்கள் விசா இல்லாமலே, கப்பல் நிற்கும் நகராட்சி எல்லையிலும் அதை ஒட்டிய நகராட்சிகளிலும் தங்கிப் போகலாம். எல்லைக் காவல் சரிபார்த்த பணியாளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஃபோஸில் நிற்கும் கப்பலிலிருந்து மார்சேய் நகரத்துக்கு வருவது இந்தச் சலுகைக்குள் அடங்காது. ஆகவே கப்பல் மார்சேயிலேயே நின்றால் மகன் உங்களோடு கோவிலுக்கு வரலாம். ஃபோஸ் என்றால் நீங்கள்தான் அங்கே போக வேண்டும். துறைமுக வளாகத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். ஃபோஸ் ஊருக்குள் ஓர் இடம் சொல்லி அங்கே சந்திப்பதுதான் நடக்கிற காரியம்.

மூன்றாவதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கன்டெய்னர் கப்பல் ஒரு துறைமுகத்தில் ஒரு நாளோ, அதற்கும் குறைவாகவோதான் நிற்கும். வந்து சேரும் நேரம் கடைசி நாள் வரை மாறிக்கொண்டே இருக்கும். தேதியை நம்பி விமானச் சீட்டு எடுக்காதீர்கள். உங்கள் பயணத் தேதிக்குள் கப்பல் வந்தால் சந்திப்பு, வராவிட்டால் அவனுக்காக ஒரு மெழுகுவர்த்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? எங்கள் ஊரில் இரண்டு பேருக்கு மறுத்துவிட்டார்கள். என்ன காரணம் இருக்கும்? – வாசகர், தக்கலை

பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சிக்கலானவற்றுக்கு 45 நாள் வரை ஆகும். கோடைப் பயணத்துக்கு நேரம் முன்பதிவு செய்வதே பெரும்பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம், அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். ஒருமுறை கொடுத்த கைரேகை 59 மாதம் செல்லும்.

மறுப்புக்கான காரணங்களில் திரும்பத் திரும்ப வருபவை இவை. முதலாவது, தவறான நாட்டிடம் விண்ணப்பிப்பது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாடு. ரோமில் 5 நாள், லூர்தில் 2, மார்சேயில் 2 என்றால் உங்கள் விண்ணப்பம் இத்தாலிக்குப் போக வேண்டும், பிரான்சுக்கு அல்ல. இரண்டாவது, தங்குமிடச் சான்றில் ஓட்டை. ஓர் இரவு ரயிலில் கழிகிறது என்றால் அந்த ரயில் முன்பதிவையும் காட்டுங்கள். மூன்றாவது, வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று விழுந்த பெரிய தொகை. நகைக் கடனோ சீட்டுப் பணமோ எதுவாயினும் அதற்கான தாளைச் சேர்த்து வையுங்கள்.

நான்காவது நம் ஆட்களுக்கே உரியது: இனிஷியல். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுசாக விரிந்திருக்கும், வங்கிப் புத்தகத்தில் ஒரே எழுத்தாக இருக்கும், விமானச் சீட்டில் இரண்டும் இடம் மாறியிருக்கும். பார்க்கிற அதிகாரிக்கு அவர்கள் மூன்று வேறு ஆட்கள். விமானச் சீட்டு, காப்பீடு, விடுதி மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். வங்கியில் மாற்ற முடியாவிட்டால் இருவரும் ஒருவரே என்ற சான்றைச் சேருங்கள்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுமைக்கும், பயண நாட்கள் எல்லாவற்றுக்கும் வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் தேதிக்குப் பின் 3 மாதமாவது செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத மீன்பிடித் தொழிலாளர்கள் படகுப் பதிவுச் சான்று, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் சான்று, நலவாரிய அட்டை ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்போடு தொழிலை விளக்கி ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். ஊரில் திரும்பி வரத் தொழிலும் குடும்பமும் இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

கேள்வி: திருவனந்தபுரத்திலிருந்து எப்படிப் போவது நல்லது? – வாசகர், மார்த்தாண்டம்

வளைகுடா வழியாகப் பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையம், அங்கிருந்து அதிவேக ரயில். இதுதான் குழுவுக்கு வசதி. விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. மார்சேய் சேன் சார்ல் நிலையத்துக்கு நேரடி ரயில்கள் உண்டு, பயணம் நான்கு மணி நேரத்துக்கு ஒட்டி. பாரிஸ் நகருக்குள் போய் லியோன் நிலையத்தில் ஏறினால் ரயில் நேரம் சற்றுக் குறைவு. ஆனால் ஒரு குழுவே பெட்டியோடு நகர ரயிலில் மாறுவது வேண்டாத வேலை. சீட்டு எடுக்கும்போது புறப்படும் நிலையத்தின் பெயரை இரண்டு முறை படியுங்கள். தவறு நடப்பது அங்கேதான்.

விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். ஐரோப்பிய எல்லையில் இப்போது முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதிகிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு வரிசை நீளும். பெட்டிகளில் பெயர் எழுதிய சீட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்பது ரயில் விதி. மலிவுக் கட்டண ரயிலில் பெட்டி அளவுக்குக் கட்டுப்பாடு கடுமை. ஊர் வழக்கப்படி அட்டைப்பெட்டியும் கயிறுமாகப் போனால் கூடுதல் பணம் கட்ட நேரும்.

மார்சேய்க்கே விமானத்தில் போனால், விமான நிலையம் மரிஞ்ஞான் என்ற இடத்தில் இருக்கிறது, நகரத்திலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். சேன் சார்ல் நிலையத்துக்கு நேரே போகும் பஸ்ஸுக்குச் சுமார் 10 யூரோ, அரை மணி நேரம். சேன் சார்ல் நிலைய முகப்பில் 104 படிகள் கொண்ட பெரிய படிக்கட்டு இருக்கிறது. காட்சி அழகு. பெட்டியோடு அதில் இறங்காதீர்கள். உள்ளே நகரும் படிக்கட்டு வழியாகவே மெட்ரோவுக்குப் போய், முதல் தடத்தில் லா ஃபுராழேர் பக்கம் போகும் வண்டியில் ஏறுங்கள். இரண்டாவது நிறுத்தம் பழைய துறைமுகம்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டுவலி. குன்றின் மேல் இருக்கும் மாதா கோவிலுக்கு ஏற முடியுமா? – வாசகி, கோட்டாறு

ஏற வேண்டாம். பழைய துறைமுகத்திலிருந்து 60-ஆம் எண் பஸ் கோவில் அருகிலேயே விடும். நடந்தால் செங்குத்தான அரை மணி நேர ஏற்றம். காலை பத்து மணிக்கு மேல் பஸ் நிரம்பிவிடும், உட்கார இடம் கிடைக்காது. எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். ஞாயிறு திருப்பலிக்கு என்றால் அதற்கும் முன்னே. பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகும் மேல்கோவிலுக்குப் படிகள் உண்டு. லிஃப்ட் எங்கே என்று வாசலிலேயே கேளுங்கள்.

நோத்ர் தாம் த லா கார்த், ‘காவல் மாதா’ என்று பொருள். ஊர்க்காரர்கள் ‘நல்ல தாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். குன்று 150 மீட்டர் உயரம். கோபுரத்தின் மேல் குழந்தையை ஏந்தி நிற்கும் பொன்முலாம் பூசிய சிலை 11 மீட்டருக்கு மேல். இன்றைய கோவில் 1864-ல் அர்ச்சிக்கப்பட்டது. நம் கடற்கரை மக்கள் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பது கூரையைத்தான். புயலில் பிழைத்து வந்தவர்கள் நேர்ச்சையாகக் கொடுத்த கப்பல் மாதிரிகள் கயிற்றில் தொங்குகின்றன. சுவர் நிறைய நன்றிப் பலகைகளும் மூழ்கும் கப்பல்களின் ஓவியங்களும். வேளாங்கண்ணியில் வெள்ளிப் படகு வைப்பவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளிச்சுவரில், ஜெர்மன் படையிடமிருந்து நகரை மீட்ட 1944 ஆகஸ்ட் சண்டையின் குண்டுத் தடங்களையும் பாருங்கள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை போதும், நுழைவுக் கட்டணம் இல்லை. மிஸ்த்ரால் அடிக்கும் நாளில் மேல்தளத்திலிருந்து தீவுகள் கையெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் அன்று வயதானவர்களை வெளித்தளத்தில் நிறுத்தாதீர்கள், காற்று ஆளைத் தள்ளும்.

கேள்வி: அங்கே மீன் எப்படி? பூயபேஸ் என்ற மீன்குழம்பு ஒரு ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், தேங்காப்பட்டணம்

உண்மைதான். முறையாகச் செய்கிற உணவகங்களில் ஓர் ஆளுக்கு 60 யூரோவும் அதற்கு மேலும் ஆகிறது. ஏன் அவ்வளவு என்று தெரிந்தால் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

தொடக்கத்தில் இது விற்காமல் மிஞ்சிய முள்மீன்களை மீனவர்கள் கரையில் கொதிக்க வைத்துக் குடித்த சாறு. சுற்றுலாப் பயணிகள் வந்த பிறகு கண்டதையும் போட்டு அதே பெயரில் விற்கத் தொடங்கினார்கள். அதனால் 1980-ல் ஊரின் சில உணவகத்தார் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். குறிப்பிட்ட பட்டியலிலிருந்து குறைந்தது நான்கு வகை மீன் இருக்க வேண்டும் என்கிறது அது. ரஸ்காஸ் என்ற, முதுகு முள்ளில் விஷமுள்ள பாறைமீன், விலாங்கு இனத்தைச் சேர்ந்த கடல்மீன் கோங்கர், சேன்-பியேர், அகன்ற வாய்கொண்ட போத்ருவா ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. எல்லாம் அன்றன்று பிடித்ததாக இருக்க வேண்டும். அந்தக் கரையில் பிடிபடும் அளவு சிறிது, வாங்கத் துடிப்பவர் அதிகம். விலை அங்கிருந்துதான் ஏறுகிறது.

சிறுமீன்களைத் தக்காளி, வெங்காயம், பூண்டு, சோம்புத்தண்டு, குங்குமப்பூ, ஆரஞ்சுத் தோல், ஒலிவ எண்ணெயோடு கொதிக்கவிட்டு அரைத்து வடிகட்டிச் சாறு எடுப்பார்கள். பெரிய மீன்களை அந்தச் சாற்றில், கெட்டிச் சதையை முதலிலும் மெல்லிய சதையைக் கடைசியிலும் போட்டு வேகவைப்பார்கள். சாறு தனியாக, மீன் தனியாக வரும். பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டியில் ரூய் என்ற மிளகாய்-பூண்டு-குங்குமப்பூ விழுதைத் தடவிச் சாற்றில் மிதக்கவிட்டுச் சாப்பிட வேண்டும். மீனை முழுசாகக் கொண்டுவந்து காட்டி, உங்கள் கண்முன்னே முள் நீக்கித் தருவது முறை. புளியோ தேங்காயோ கிடையாது. தேங்காய் அரைத்த மீன்கறியும் மரச்சீனியும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு முதல் வாய் சப்பென்று தோன்றலாம். மூன்றாவது வாயில்தான் மீனின் சுவை பிடிபடும்.

ஒரு நாள், சில கடைகளில் இரண்டு நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். போனவுடன் 25 யூரோவுக்குத் தட்டில் வந்தால் அது பூயபேஸ் இல்லை. செலவு வேண்டாமென்றால் ‘சூப் த ப்வாசோன்’ கேளுங்கள். அதே வகைச் சாறு, ரொட்டி, ரூய் எல்லாம் வரும். மீன் துண்டு மட்டும் இருக்காது.

சாப்பிடாவிட்டாலும் மீன் சந்தையைத் தவறவிடாதீர்கள். பழைய துறைமுகத்தின் கிழக்கு மூலையில், தலைக்கு மேல் பெரிய கண்ணாடிக் கூரை போல நிற்கும் பளபளப்பான எஃகுப் பந்தலுக்குப் பக்கத்தில், தினமும் காலையில் மீனவக் குடும்பங்களே தட்டு வைத்து விற்கிறார்கள். எட்டரை மணிக்குப் போனால் மீன் துள்ளும். பதினொன்றுக்குப் போனால் தட்டு காலி. காற்று நாளில் படகு இறங்காது, சந்தையும் மெலிந்திருக்கும். நம் ஊர் போல ஏலம் இல்லை, எழுதி வைத்த விலைதான்.

கேள்வி: நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவம். – வாசகி, சுசீந்திரம்

பனீஸ் என்ற பண்டம் உங்களுக்கென்றே செய்தது போல. கடலை மாவை உப்புத் தண்ணீரில் கிண்டி, உருட்டி ஆறவைத்து, வில்லைகளாக நறுக்கி எண்ணெயில் பொரிப்பது. சூடாக, மிளகு தூவி வாங்குங்கள். நோவாய் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய கப்புசேன் சந்தையில் கொத்தமல்லி, பச்சை மிளகாய், வெண்டைக்காய், அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கும். சமையலறை உள்ள அறை எடுத்தால் கவலையே இல்லை. வட ஆப்பிரிக்கக் கடைகளின் காய்கறி குஸ்குஸில் சாறு இறைச்சியில் கொதித்ததாக இருக்கலாம், கேட்டே வாங்குங்கள். படகு வடிவில் ஆரஞ்சுப் பூநீர் மணக்கும் நவெத் பிஸ்கட்டில் முட்டை சேர்வது உண்டு. ‘ஜெ ந மாஞ்ஜ் நி வியாந்த், நி ப்வாசோன், நி உஃப்’ என்பதை எழுதி வைத்துக் காட்டுங்கள்: இறைச்சி, மீன், முட்டை சாப்பிடுவதில்லை என்று பொருள்.

கேள்வி: மார்சேயில் இந்திய வரலாற்றோடு தொடர்புள்ள இடங்கள் உண்டா? – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

சூயஸ் வழியாக ஐரோப்பா போன இந்தியர் பலருக்கு முதல் கரை இதுதான். 1910 ஜூலை 8 அன்று, கைதியாகக் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர் மோரியா கப்பலின் சாளரம் வழியாகக் குதித்து நீந்திக் கரையேறியது இந்தத் துறைமுகத்தில். அவரைப் பிரெஞ்சுப் போலீஸ் பிடித்துப் பிரிட்டிஷாரிடம் திரும்ப ஒப்படைத்தது சரியா என்ற வழக்கு ஹேக் நடுவர் மன்றம் வரை போய், 1911-ல் பிரிட்டனுக்குச் சாதகமாக முடிந்தது. வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தியடிகள் 1931 செப்டம்பரில் இங்கேதான் இறங்கினார்.

நேரம் ஒதுக்கிப் போக வேண்டிய இடம் மசார்க் போர்க் கல்லறை. முதல் உலகப் போருக்கு இந்தியப் படை 1914 செப்டம்பர் இறுதியில் மார்சேயில்தான் இறங்கியது. இரு போர்களிலும் மாண்ட 1,700-க்கும் மேற்பட்டவர்கள் இங்கே நினைவுகூரப்படுகிறார்கள். எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்குத் தனி நினைவுச்சின்னம் உண்டு. நகரின் தென்கோடியில் இருக்கிறது. ரோன்-புவான் தி ப்ராதோ வரை மெட்ரோ, பிறகு பஸ். அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமே இருக்காது.

கேள்வி: திருட்டு அதிகம் என்கிறார்கள். பாஸ்போர்ட் போய்விட்டால்? – வாசகர், கருங்கல்

ரயில் நிலையம், மெட்ரோ, கானெபியேர், நெரிசலான 60-ஆம் எண் பஸ் ஆகியவற்றில் கைப்பேசியும் பர்ஸும் போவதுதான் பெரும்பான்மை. மெட்ரோவில் கதவருகே நின்று கைப்பேசி பார்க்காதீர்கள். கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கழுத்துச் சங்கிலியை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், அதன் நகல் கையில். பிறகு இந்தியத் துணைத் தூதரகம். 2025 பிப்ரவரியில் மார்சேயிலேயே திறந்துவிட்டார்கள் என்பதால் பாரிசுக்கு ஓட வேண்டியதில்லை. ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்று கேட்டு வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு இத்தாலிப் பயணத்தைத் தொடர நினைக்காதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் கடைசிப் பக்கங்கள், விசாப் பக்கம் ஆகியவற்றின் நகலும் நான்கு புகைப்படமும் வேறொருவர் பெட்டியில் இருக்கட்டும். அவசர உதவிக்கு 112.

கேள்வி: கலாங்க் என்ற கடலோரப் பாறைகளில் நடைப்பயணம் போக விரும்புகிறோம். – இளைஞர் குழு, திருவட்டாறு

ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ ஆபத்தைப் பொறுத்து, பாதைகளை நாளுக்கு நாள் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார்கள். மறுநாள் நிலவரத்தை முந்தின மாலையே அறிவிப்பார்கள். காற்று பலமென்றால் மூடல் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சுகிதோன் பகுதிக்குக் கோடையில் இலவச முன்பதிவு கட்டாயம். நகருக்குள் உள்ள காஸ்தெலான் மெட்ரோ நிலையத்திலிருந்து லுமினி வரை பஸ், பிறகு முக்கால் மணி நடை. குடிநீர் எங்கும் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் கட்டாயம். சுண்ணாம்புப் பாறை கால்பட்டுக் கால்பட்டு வழவழத்திருக்கும். செருப்போடு போகாதீர்கள்.

கேள்வி: பிளக், நேரம், தண்ணீர்? – வாசகர், அருமனை

230 வோல்ட், உருண்டை இரண்டு முனைத் துளை. நம் மெல்லிய இரட்டை முனை பிளக் பொருந்தும், மூன்று முனைக்கு மாற்றி வேண்டும். நம் நேரத்துக்குக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

கேள்வி: ஊருக்கு என்ன வாங்கி வருவது? மார்சேய் சோப்பு என்று எல்லாக் கடையிலும் இருக்கிறதே, எது அசல்? – வாசகி, இராஜாக்கமங்கலம்

‘மார்சேய் சோப்பு’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததால் எங்கே செய்ததையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். ரோஸ், லாவண்டர் என்று வண்ணமும் வாசனையுமாக இருப்பவை எவையும் பழைய முறைச் சோப்பு அல்ல. அசல் சோப்பு தாவர எண்ணெயைப் பெரிய கொப்பரையில் நாள்கணக்கில் காய்ச்சிச் செய்தது. நிறமும் நறுமணமும் சேர்க்காதது. கனசதுரமாக, ‘72%’ என்ற முத்திரையோடு இருக்கும். எண்ணெய் அளவைக் குறிக்கும் எண் அது. பச்சையாக இருப்பது ஒலிவ எண்ணெய். வெளிர்நிறத்தில் இருப்பதில் பனை எண்ணெயும் நம் தேங்காய் எண்ணெயும் இருக்கும். உறையின் பின்புறம் உள்ள பொருட்பட்டியல் ஐந்தாறு பெயருக்குள் முடிந்தால் வாங்குங்கள், பதினைந்து இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

300 கிராம் கட்டி பெட்டிக்கு ஏற்றது. புதுச் சோப்பில் ஈரம் இருக்கும் என்பதால் பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டாமல் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். வீட்டில் உறை பிரித்துக் காற்றாட ஒரு மாதம் வைத்தால் இறுகி, இரட்டிப்பு நாள் வரும். நம் பக்கத்து மழைக்காலத்தில் மட்டும் கட்டியை அடுப்படி அலமாரியில் வையுங்கள், குளியலறையில் வைத்தால் கொழகொழத்துவிடும்.